பஸீஹா மன்ஸில்

வாயில் இரண்டு உடுப்புக் கிளிப்புகளைக் கடித்துக்கொண்டு, பின் வளவுக் கொடியில் பிள்ளையின் ஈரச் சட்டையை விரித்துக்கொண்டிருந்தபோது, முன்வாசலிலிருந்து புருஷன் றஸ்மி "பஸீஹா!" என்று கூப்பிடுவது அவளுக்குக் கேட்டது. கிளிப்பை வாயிலிருந்து எடுத்துப் பதில் சொல்வதற்குள், குசினிக்குள்ளிருந்து யாரோ "ஓம்" என்றார்கள்.

பெரிய சத்தமில்லை. அடுப்படியில் கைவேலையாக இருக்கும் ஒரு பெண், கூப்பிட்டது யாரென்று தெரிந்து, தலையைத் திருப்பாமலே சொல்கிற "ஓம்." அஸர் நேரத்துப் பின்னேர வெயிலில் கண் கூசியது. உப்பளத்துப் பக்கமிருந்து வந்த காற்று கொடியில் கிடந்த படுக்கைச் சீலையைப் பட்பட்டென்று அடித்தது, கற்பிட்டி ரோட்டில் ஒரு லொறி கியர் மாற்றி முனகிக்கொண்டு போனது, அந்தச் சத்தங்களுக்கு நடுவே எதையோ தவறாகக் கேட்டுவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. யார் கூப்பிட்டாலும் பஸீஹா "என்னா?" என்றுதான் கேட்பாள். கற்பிட்டியில் பிறந்து வளர்ந்த அவளுடைய வாய்க்கு அந்தப் பழக்கம்தான். "ஓம்" என்று பதில் சொல்கிறவள் இந்த வீட்டில் முன்பிருந்த வேறொருத்தி என்று அவளுக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

குசினியில் யாரும் இல்லை. கேத்தல் மூடி இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. கருஞ்சீரகம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசம் ஒன்று மூக்கில் பட்டுவிட்டு மறைந்தது. அவள் தலைக்கு அந்த எண்ணெய் வைப்பதில்லை.

முன்வாசலில் றஸ்மி கதிரையில் சாய்ந்து கால் நீட்டியிருந்தான்.

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டன். ஓம் எண்டிட்டு வராம நிண்டா எப்பிடி? ஒரு கிளாஸ் தண்ணி தா."

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நான் ஓம் எண்டு செல்லல்ல" என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பேருக்குப் போகும். அந்தப் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியவளே அவள்தான்.

பஸீஹா இந்த வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவள். மூத்தவள் றுஷ்னா, டெங்குக் காய்ச்சலில் மூன்று வருஷங்களுக்கு முன் மௌத்தானவள், பாலாவி மையவாடியில் அடங்கிக் கிடக்கிறாள். அங்கேயே அடங்கிக் கிடந்திருந்தால் பஸீஹாவுக்கு அவள்மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் கலியாணமாகி வந்த அன்று வாசல் சுவரில் பச்சைப் பெயின்ட் அடித்த சீமெந்து எழுத்துகள் "றுஷ்னா மன்ஸில்" என்று அவளை வரவேற்றன. அவற்றைத் தாண்டித்தான் மணப்பெண் உள்ளே போக வேண்டியிருந்தது. றஸ்மி உப்பு வியாபாரி. உப்பளத்திலிருந்து உப்பை வாங்கி, அரைத்து, பொதி செய்து, புத்தளத்திலிருந்து சிலாபம் வரைக்கும் கடைகளுக்குப் போடுகிறவன். பொதியில் நீல எழுத்தில் "றுஷ்னா உப்பு" என்று அச்சடித்திருந்தது. கடைக்காரர்களுக்கு உப்பு என்ற சொல்லே மறந்துவிட்டது. "ரெண்டு றுஷ்னா தாங்க" என்றுதான் சனங்கள் கேட்டார்கள். பஸ் கொண்டக்டர் கூட வீட்டுக்கு முன்னால் வரும்போது "றுஷ்னா! றுஷ்னா! பஹின்ன!" என்று சிங்களத்தில் இறங்கச் சொல்லிக் கத்தினான். கற்பிட்டியில் தன் உம்மாவின் குசினித் தட்டில் அந்த நீலப் பொதியைப் பார்த்த நாளில் பஸீஹா பார்த்துக்கொண்டே நின்றாள். அவளைப் பெற்றவளின் ஆணக் குழம்பிலும் மூத்தவள் கரைந்திருந்தாள்.

உயிரோடிருக்கிற சக்களத்தி என்றால் சண்டை பிடிக்கலாம். செத்தவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அவளுக்கு வயது போகாது, உடம்பு பருக்காது, ஆணத்தில் புளி கூடிப்போகாது. இரவில் றஸ்மி அரைத்தூக்கத்தில் கையை நீட்டி "றுஷ்னா" என்று முனகும்போது பஸீஹா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். மூத்தவளின் பிள்ளை றிப்னாவோ அவளைச் சின்னம்மா முறையில் "சாச்சி" என்றே கூப்பிட்டது. பெற்ற தாயின் முகம் ஞாபகமில்லாத பிள்ளை, கையால் ஊட்டி, கழுவி, தலை வாரிவிட்ட பஸீஹாவை உம்மா என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவள் என்னவும் செய்திருப்பாள்.

ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் இந்த ஊட்டுக்கு ஆரு?"

"இதென்ன கேள்வி?" என்றான் றஸ்மி.

"ஊடு அவட பேர்ல. உப்பு அவட பேர்ல. பஸ்காரனுக்கும் அவட பேர்தான் வாயில. எனக்கு எண்டு இங்க என்னா இரிக்கி? பேர மாத்துங்க. இல்லாட்டி நான் உம்மாட ஊட்ட போறன்."

றஸ்மி நல்லவன், சண்டைக்குப் பயந்தவன். முதலில் மேசன் வந்தான். உளியால் பச்சை எழுத்துகளைக் கொத்தி எடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே "பஸீஹா மன்ஸில்" என்று புதிதாக வார்த்தான். பிறகு உப்புப் பொதி மாறியது. நீல எழுத்துக்குப் பதில் சிவப்பு எழுத்து, "பஸீஹா உப்பு." கொஞ்ச நாள் சனங்கள் பழைய பேரையே கேட்டார்கள், கடைக்காரர்கள் "அதேதான் இது, பேர் மட்டும்தான் வேற" என்று விளக்கம் சொல்லிச் சலித்தார்கள். பஸ் கொண்டக்டரைக் கூட அவள் விடவில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் "பஸீஹா மன்ஸில்" என்று சொல்லிச் சொல்லி அவனுடைய வாயையும் திருத்தினாள். கடைசியாக வீட்டுக்குள். மூத்தவளின் பேரை யாரும் எடுக்கக்கூடாது. றஸ்மி தடுமாறினால் அவள் ஒரு நாள் முழுக்கப் பேசமாட்டாள். அடிக்கடி தடுமாறியவன் பிறகு எப்போதாவது தடுமாறினான், அதற்குப் பிறகு ஒருநாளும் தடுமாறவில்லை.

எழுத்து வார்த்த சீமெந்து காயும் முன்பே றஸ்மியின் ராத்தா, அவனுடைய மூத்த சகோதரி கைருன்னிஸா பார்க்க வந்தாள். வாசலில் நின்று எழுத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, உள்ளே வந்து வெற்றிலையை மடித்தாள்.

"றிப்னாக்கும் இப்பிடித்தானே பேர் மாத்தின" என்றாள்.

"எப்ப மதினி?"

"ஒனக்குத் தெரியாதா புள்ள? பொறந்த நேரம் வெச்ச பேர் றிஸ்லா. ஒரே வருத்தம், காய்ச்சல். இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கெடந்திச்சி. பேர் ஒத்து வரல்ல எண்டு பள்ளி லெப்பை மாத்தினாரு. காதுல புதுப் பேரச் செல்லி, எல்லாருக்கும் சீனி குடுத்து, அண்டையிலேருந்து ஊருச் சனம் எல்லாம் புதுப் பேரால கூப்பிட்ட. பழைய பேர ஒருத்தரும் வாயில எடுக்கல்ல. எழும்பி ஓடித் திரியிது பாரு." கைருன்னிஸா வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்தாள். "சனம் கூப்பிடக் கூப்பிடப் புதுப் பேருக்குப் புது ஹயாத்து, புது உசிரு வரும்."

பஸீஹாவுக்கு அந்தப் பேச்சில் ஒரு தப்பும் தெரியவில்லை. அவளும் சீனி கொடுத்தாள். எல்லோரும் வாயை இனிப்பாக்கிக்கொண்டு அவளுடைய பேரைச் சொன்னார்கள்.

அந்த "ஓம்" கேட்டதற்குப் பிறகு சின்னச் சின்னதாக நடந்தன. அவள் மாவரைத்துக்கொண்டிருந்தபோது, முன்னறையில் விளையாடிக்கொண்டிருந்த றிப்னா "உம்மா" என்றாள். ஆட்டுக்கல்லில் கை அப்படியே நின்றது. மாவுக் கையோடு ஓடிப்போய் "என்னா மகள், என்னா செல்லம்?" என்று வாசற்படியில் குந்தினாள். பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, யாரும் இல்லாத அலுமாரி மூலையைப் பார்த்துக் கையில் இருந்த பொம்மையை நீட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டுத் திரும்பி, "சாச்சி, உம்மா தல வாரிவிட்டா" என்றது. பிள்ளையின் தலை எண்ணெயில் மினுங்கியது, இறுக்கமான இரண்டு பின்னல், நுனியில் பஸீஹாவுக்குக் கட்டத் தெரியாத ஒரு முடிச்சு. கருஞ்சீரக வாசம் அறை முழுக்க இருந்தது.

அவள் பின்னலைப் பிரித்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பிள்ளை அழுதது. கழுவிய பிறகும் வாசம் போகவில்லை.

இன்னொரு நாள் றஸ்மி வேலைக்குப் புறப்படும்போது சிரித்தான். வெகு நாளாக அவள் பார்க்காத சிரிப்பு.

"நேத்து நீ செல்லின கதைய நெனச்சா இன்னும் சிரிப்பு வருது."

"என்ன கதை?"

"அதான், குசினில இருந்து செல்லினியே. களப்புல மாமா வள்ளத்தக் கவுத்த கதை."

நேற்று அந்த நேரம் அவள் கிணற்றடியில் இருந்தாள். களப்பில் வள்ளம் கவிழ்த்த மாமா யாரும் அவளுடைய குடும்பத்தில் இல்லை. ஆனால் அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம்தான். அவன் "பஸீஹா" என்று சொல்லும் விதம் மாறியிருந்தது. முன்பு மூத்தவளின் பேரைத் தூக்கத்தில் சொல்லும்போது குரலில் ஒரு குழைவு இருக்கும், அதைச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து எத்தனை இரவு கேட்டிருக்கிறாள். இப்போது அதே குழைவு அவளுடைய பேரில் இருந்தது. அவள் வேண்டிக் கேட்டது அதைத்தான். கிடைத்தும்விட்டது. ஆனால் அவன் கூப்பிடும்போது கண்கள் அவளைத் தாண்டிக் குசினிக் கதவைப் பார்த்தன. தன் பேர் மீதே பஸீஹாவுக்குப் பொறாமை வந்தது. யாரிடம் சொல்லி அழுவது?

அதற்குப் பிறகு கூப்பிட்டவுடன் பதில் சொல்வதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டே திரிந்தாள். அடுப்படியிலும், கிணற்றடியிலும், தொழுகைப் பாயிலும் கூட. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு மூச்சு முன்னதாக அந்த "ஓம்" வந்தது. முதலில் குசினியிலிருந்து. பிறகு நடையிலிருந்து. பிறகு அவளுடைய தோளுக்குப் பின்னாலிருந்து. குரலும் அவளுடைய குரலைப் போல ஆகிக்கொண்டு வந்தது.

ஆண்டு கத்தம் வந்தது. மூத்தவளுக்காக ஓதிச் சோறு கொடுக்கும் நாள். பஸீஹா வேண்டாமென்றுதான் சொன்னாள், கைருன்னிஸா விடவில்லை. "மௌத்தானவளுக்குச் சேர வேண்டிய ஹக்கு புள்ள அது. பேரச் சத்தமா செல்லாம ஓதிப் போடுவம்" என்றாள். வழக்கமான லெப்பைக்குச் சுகமில்லை, மதுரங்குளியிலிருந்து இளம் லெப்பை ஒருவர் வந்திருந்தார், இந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்று தெரியாதவர்.

அந்தி மஃரிப் தொழுது முடிந்ததும் ஆண்கள் முன்னறைப் பாயில் அமர்ந்தார்கள். பெண்கள் நடையில், திரைச்சீலைக்குப் பின்னால். ஊதுபத்திப் புகை, நெய்ச்சோற்று வாசம், நெருங்கி உட்கார்ந்த உடம்புகளின் வெக்கை, வாசல் வழியாகக் களப்பிலிருந்து வந்த சேற்று வாடை, இவை எல்லாவற்றுக்கும் அடியில் அந்த எண்ணெய். பஸீஹா திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓதல் முடிந்தது. லெப்பை துஆவுக்காகக் கைகளை ஏந்தியவர், நிறுத்தி, றஸ்மி பக்கம் திரும்பினார்.

"மர்ஹூமாட, மௌத்தானவட பேரென்ன நானா?"

றஸ்மி வாயைத் திறந்தான். மூடினான். மாதக்கணக்காகக் கடிவாளம் போட்டுப் பழக்கிய நாக்கு. அவன் நெற்றியைச் சுருக்கித் தேடுவதைப் பஸீஹா திரை இடுக்கால் பார்த்தாள். சொல்லுங்க, என்று மனசுக்குள் கத்தினாள். இன்றைக்கு மட்டும் சொல்லுங்க. அவட பேரச் சொல்லுங்க.

"பஸீஹா" என்றான் றஸ்மி.

யாரும் திடுக்கிடவில்லை. அவன் நாக்கைக் கடித்துத் திருத்துவான் என்று காத்திருந்தாள். அவனுடைய முகம் தெளிந்திருந்தது, மறந்ததைக் கண்டுபிடித்தவனுடைய முகம்.

"யா அல்லாஹ், பஸீஹாட பாவங்கள மன்னிப்பாயாக."

"ஆமீன்."

"பஸீஹாட கபுறுக் குழிய விசாலமாக்குவாயாக."

"ஆமீன்."

காலுக்குக் கீழே சீமெந்துத் தரை குளிர்ந்தது.

"நான் இரிக்கிறன்!" என்று எழும்பிக் கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். பக்கத்திலிருந்த கைருன்னிஸாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மதினி, செல்லுங்க மதினி, நான் இஞ்ச இரிக்கிறன்." கைருன்னிஸா காற்றுப் பட்டது போல முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ஏந்திய கைகளுக்குள் அழுதாள்.

"ஆமீன்" என்றாள் கைருன்னிஸா.

துஆ முடிந்தது. ஆண்கள் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். பாய் விரிக்கும் சத்தம். கோப்பைச் சத்தம். றஸ்மியின் குரல், அந்தக் குழைவோடு.

"பஸீஹா! சஹனக் கொண்டா."

"என்னா!" அவள் முந்திவிட்டாள். இந்தத் தடவை முந்திவிட்டாள். "என்னா, இந்தா வாறன், என்னா!"

யாரும் திரும்பவில்லை.

"ஓம்" என்றது குசினி.

திரை விலகியது. அவளுடைய நீலச் சட்டை. அவளுடைய முக்காடு. நெய்ச்சோறு நிறைந்த சஹனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஒருத்தி நடையால் வந்தாள். ஈரத் தலை. எண்ணெய் மினுக்கம். பெண்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் றிப்னா.

திரையோரத்தில் நின்றவள் பின்னுக்குப் போனாள். கதவு நிலை முதுகில் இடித்தது. படி. வளவு மண். வாசல். அதற்கு மேல் கால் போகவில்லை. ரோட்டில் பஸ் நின்றது. "பஸீஹா மன்ஸில்! பஹின்ன, பஹின்ன!" ஒருவரும் இறங்கவில்லை. கொண்டக்டர் அவளை ஊடறுத்து வீட்டைப் பார்த்தான். மணி அடித்தது. பஸ் போனது.

உள்ளே வெளிச்சமாக இருந்தது. பிள்ளை மட்டும் அவளைப் பார்த்தது.

"மகள்" என்றாள். "றிப்னா. சாச்சி. நான் சாச்சி."

"உம்மா" என்றது பிள்ளை, சட்டை நுனியை இழுத்து. "வாசல்ல ஒரு பொம்புள நிக்கிறா."

சஹனை இறக்கி வைத்தவள் மெல்லத் திரும்பினாள். முகத்தில் வெளிச்சம் விழுந்தது. அலுமாரிக் கண்ணாடியில் தினமும் பார்த்த முகம்.

"அதா? அது றுஷ்னா" என்றாள். மாதக்கணக்காக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேர். "மௌத்தாப் போனவ மகள். கூப்பிட்டா திரும்பப்படாது."

பிள்ளை திரும்பிக்கொண்டது.

பஸீஹா வந்து கதவைச் சாத்தினாள்.

இல்லை, நான்தான் பஸீஹா என்று சொல்வதற்கு வாசலில் நின்ற றுஷ்னா வாயைத் திறந்தாள். பல்லுக்கும் நாக்குக்கும் இடையிலிருந்து மையவாடியின் உவர்மண் சட்டையில் கொட்டியது. அவள் அள்ளி அள்ளி வெளியே எடுத்தாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.